களவு போய்த் திரும்பி வந்த புத்தகம்



கடந்த மாதம் எமது வானொலியின் இலக்கியப் பேச்சில், இத்தாலி நாட்டின் ஒரு பழைய கையெழுத்து நூலைப் பற்றிப் பேசினேன். கிடைத்த நேரம் இருபது நிமிடம். சொல்ல நினைத்ததில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பேச்சு முடிந்ததும் தொலைபேசியில் வந்த சில நேயர்கள், "இதை எழுத்தில் தந்தால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாமே" என்று கேட்டார்கள். அவர்களின் விருப்பப்படி அந்தப் பேச்சைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

இந்த விடயத்தில் எனக்கு எப்படி ஆர்வம் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மச்சாளின் மகளுடைய திருமணத்துக்காக மிலான் நகருக்குப் போயிருந்தேன். திருமணம் முடிந்து ஒருநாள் ஓய்வாக இருந்தபோது, மிலானிலேயே பிறந்து வளர்ந்த மருமகன் என்னை அம்புறோசியானா நூலகத்துக்குக் கூட்டிச் சென்றான். நகரின் பெரிய தேவாலயத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஒரு படநூலைப் புரட்டியபோது, பழைய நூல் ஒன்றின் முன் ஏட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். நெருக்கி எழுதிய சின்னச் சின்ன எழுத்துகள். "இது என்ன பாட்டு?" என்று கேட்டேன். மருமகன் கீழே இருந்த விளக்கத்தை வாசித்துவிட்டு, "பாட்டு இல்லை மாமா. புத்தகத்துக்குச் சொந்தக்காரர் தன்ர ஆக்கள் செத்த திகதிகளை எழுதி வைச்சிருக்கிறார்" என்றான்.

அந்த இடத்திலேயே எனக்கு எங்கள் வீட்டுக் கந்தபுராணம் நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த இத்தாலிய நூலின் கதையைப் பார்ப்போம்.

அகதியின் மகன்

நூலின் சொந்தக்காரர் பெயர் பிரான்செஸ்கோ பெத்ரார்க்கா. இத்தாலிய இலக்கியத்தில் தாந்தேக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் பெருங்கவிஞர். அவருடைய தந்தை புளோரன்ஸ் நகரில் நொத்தாரிசாக இருந்தவர். அக்காலத்தில் அந்நகரில் இரண்டு அரசியல் அணிகள் மோதிக்கொண்டன. 1302ஆம் ஆண்டு தோற்ற அணியினர் நாடு கடத்தப்பட்டார்கள், சொத்துகளும் பறிக்கப்பட்டன. தாந்தே ஊரை இழந்தது அந்த ஆண்டில்தான். பெத்ரார்க்காவின் தந்தையும் அதே ஆண்டில் வெளியேற்றப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1304 யூலை 20இல், அரெற்சோ என்ற வேறொரு ஊரில் பெத்ரார்க்கா பிறந்தார். பிறக்கும்போதே அகதியின் பிள்ளை!

பின்னர் குடும்பம் பிரான்சின் தென்பகுதிக்குச் சென்றது. அப்போது பாப்பரசர் ரோமில் இல்லை, அவினியோன் நகரில் இருந்தார். பாப்பரசரின் மாளிகையை அண்டிப் பல இத்தாலியர்களுக்கு வேலை கிடைத்தது.

தந்தைக்கு மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ பழைய இலத்தீன் இலக்கியத்தில் பைத்தியம். ஒருநாள் மகன் ஒளித்து வைத்திருந்த புத்தகங்களைத் தந்தை கண்டுபிடித்து நெருப்பில் போட்டுவிட்டார். மகன் அழுத அழுகையைக் காணப் பொறுக்காமல், கருகத் தொடங்கிய இரண்டு நூல்களை மட்டும் இழுத்தெடுத்துக் கொடுத்தாராம். ஒன்று வேர்ஜில் என்ற ரோமக் கவிஞரின் நூல், மற்றது சிசரோவின் நூல். பெத்ரார்க்கா முதுமையில் எழுதிய கடிதம் ஒன்றில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். பிள்ளை டொக்டராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும் என்று நிற்கும் எங்கள் வீடுகளில் நெருப்பு வைப்பதில்லை, ஆனால் மற்றதெல்லாம் நடக்கிறதுதானே!

சுவையான விடயம் என்னவென்றால், பின்னர் அதே தந்தைதான் மகனோடு சேர்ந்து ஒரு பெரிய வேர்ஜில் நூலைத் தயாரிக்க ஏற்பாடு செய்தார் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். 1325ஆம் ஆண்டளவில் உருவான அந்த நூல்தான் எமது கதாநாயகன்.

ஒரு புத்தகத்தின் விலை

அச்சு யந்திரம் ஐரோப்பாவுக்கு வர இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. புத்தகம் என்றால் பதப்படுத்திய விலங்குத் தோலில் கையால் எழுதப்பட வேண்டும். ஒரு பெரிய நூலுக்கு ஒரு மந்தை அளவு ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ தேவைப்படும். எழுதுபவருக்குக் கூலி, எழுத்தை அலங்கரிப்பவருக்குக் கூலி, கட்டுபவருக்குக் கூலி. ஆகவே ஒரு நல்ல நூல் என்பது ஒரு சொத்து. அதை ஈடு வைப்பார்கள், உயிலில் எழுதுவார்கள், திருடவும் செய்வார்கள்.

பெத்ரார்க்காவின் நூலில் நடுவே வேர்ஜிலின் பாடல்கள். அவற்றைச் சுற்றி நான்கு புறமும் சேர்வியுஸ் என்ற பழைய உரையாசிரியரின் உரை. எங்கள் பழைய நூல்களில் மூலமும் உரையும் என்று வருவதைப் போல. மீதி ஓரங்களில் பெத்ரார்க்கா வாழ்நாள் முழுவதும் தன் குறிப்புகளை எழுதிக்கொண்டே வந்தார்.

1326இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி நூல் களவு போயிற்று. மீண்டும் அது அவினியோனில் அவர் கைக்கு வந்தது 1338 ஏப்ரல் 17ஆம் திகதி. இவ்வளவு திருத்தமாக எப்படித் தெரியும்? அவரே நூலின் முன் ஏட்டில் எழுதி வைத்தார். பதினொன்றரை ஆண்டு காணாமல் போன பொருள் திரும்பி வந்தபோது அவர் செய்த முதற் காரியம், திகதியைப் பதிந்தது!

அடுத்து, சிமோனே மார்த்தினி என்ற புகழ்பெற்ற ஓவியரைக் கொண்டு நூலின் தொடக்கத்தில் ஒரு முழுப்பக்க ஓவியம் வரைவித்தார். மரத்தடியில் வேர்ஜில் இருந்து எழுதுகிறார். உரையாசிரியர் ஒரு மெல்லிய திரையை விலக்கி அவரை எமக்குக் காட்டுகிறார். பக்கத்தில் ஒரு வீரன், ஓர் உழவன், ஓர் இடையன். இவர்கள் வேர்ஜிலின் மூன்று நூல்களையும் குறிப்பவர்கள். உரை என்பது திரையை விலக்குவது என்று எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

முன் ஏட்டில் எழுதிய மரணங்கள்

பெத்ரார்க்காவின் காதற் பாடல்கள் எல்லாம் லாரா என்ற பெண்ணைப் பற்றியவை. அவரை முதன்முதலில் கண்டது 1327 ஏப்ரல் 6ஆம் திகதி, அவினியோனில் ஒரு தேவாலயத்தில். 1348இல் ஐரோப்பாவைக் கொள்ளை நோய் உலுக்கியது. அந்த ஆண்டு அதே ஏப்ரல் 6ஆம் திகதி லாரா இறந்தார். பெத்ரார்க்கா அப்போது இத்தாலியில் இருந்தார். செய்தி எதுவும் தெரியாது. மே மாதம் 19ஆம் திகதிதான் நண்பர் ஒருவரின் கடிதம் அவரிடம் வந்து சேர்ந்தது.

ஆறு வாரம் கழித்து, கடிதத்தில் வந்த மரணச் செய்தி. இதை வாசிக்கும் எங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது!

அந்தத் துயரை அவர் எழுதி வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் இந்த வேர்ஜிலின் முன் ஏடு. காரணத்தையும் அங்கேயே சொல்கிறார். தன் கண்ணில் அடிக்கடி படும் இடம் இதுதான் என்பதால் இங்கே எழுதுகிறேன் என்கிறார். பின்னர் நண்பர்களின் மரணங்கள், 1361இல் கொள்ளை நோயில் இறந்த 24 வயது மகன் ஜோவன்னியின் மரணம் என்று ஏடு நிறைந்துகொண்டே போயிற்று. மகனோடு அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒத்துப் போகவில்லை. அந்த மனவருத்தமும் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1351இல் புளோரன்ஸ் நகரம், தந்தையிடமிருந்து பறித்த சொத்தைத் திருப்பித் தருகிறோம், வந்து எமது புதிய பல்கலைக்கழகத்தில் படிப்பியுங்கள் என்று அவருக்கு அழைப்பு விடுத்தது. கடிதத்தைக் கொண்டுபோனவர் வேறு யாருமல்ல, கதாசிரியர் பொக்காச்சியோ. பெத்ரார்க்கா போகவில்லை. நகரமும் பின்னர் அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊர் கூப்பிட்டும் திரும்பிப் போகாத அகதிப் பிள்ளை. சரியா பிழையா என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எங்கள் வீடுகளிலும் முடியாத வாதம்தானே இது.

கை மாறிய கதை

பெத்ரார்க்காவுக்குத் தன் நூல்கள் சிதறிவிடுமோ என்ற பயம் இருந்தது. 1362இல் வெனிஸ் அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். நான் இருக்க ஒரு வீடு தாருங்கள், என் நூல்களை உங்களிடம் விட்டுவிடுகிறேன், அவை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வெனிஸ் வீடும் கொடுத்தது. ஆனால் சில ஆண்டுகளில் அவர் அங்கிருந்து வெளியேறிவிட, எண்ணம் நிறைவேறவில்லை. கடைசிக் காலத்தை ஆர்க்குவா என்ற சிற்றூரில் கழித்து 1374 யூலையில் காலமானார். நூல்களில் பெரும்பகுதி பக்கத்திலிருந்த பதுவை நகரின் ஆட்சியாளரிடம் போய்ச் சேர்ந்தது. எமது கத்தோலிக்க நேயர்களுக்குப் 'பதுவை அந்தோனியார்' என்று பழக்கமான அதே பதுவைதான்.

1388இல் மிலான் பிரபு பதுவையைப் பிடித்தார். வென்றவன் நகையையும் குதிரையையும் மட்டும் அள்ளுவதில்லை, நூல்களையும் அள்ளுவான். பெத்ரார்க்காவின் வேர்ஜில் பாவியா என்ற ஊரிலிருந்த மிலான் பிரபுக்களின் கோட்டை நூலகத்துக்குப் போனது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. பின்னர் பிரெஞ்சு மன்னன் 12ஆம் லூயி மிலானைப் பிடித்து, 1500ஆம் ஆண்டளவில் அந்த நூலகத்தைப் பிரான்சுக்குக் கொண்டு போனான். பெத்ரார்க்காவின் மற்ற நூல்கள் பல இன்றும் பாரிசின் தேசிய நூலகத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் வேர்ஜில் அந்த வண்டியில் ஏறவில்லை. தனியார் கைகளுக்குப் போய், இத்தாலியிலேயே சுற்றித் திரிந்தது.

1600ஆம் ஆண்டில் மிலான் பேராயர் கர்தினால் பெதெரிகோ பொறோமேயோ அதை ரோமில் கண்டு வாங்கினார். அவர் அப்போது ஒரு பெரிய நூலகத்துக்காக நூல்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1609இல் திறக்கப்பட்ட அந்த நூலகம்தான் அம்புறோசியானா. பொதுவான வாசகர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஐரோப்பாவின் முதல் நூலகங்களுள் அதுவும் ஒன்று.

கதை அதோடு முடியவில்லை. 1796இல் நெப்போலியனின் படை மிலானுக்குள் புகுந்தது. இம்முறை வேர்ஜில் தப்பவில்லை. லெயனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளோடு சேர்த்துப் பாரிசுக்குக் கொண்டு போனார்கள். நெப்போலியன் தோற்ற பின் 1815இல் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. வேர்ஜில் மிலானுக்குத் திரும்பியது. லெயனார்டோவின் பெரிய தொகுப்பும் திரும்பியது. ஆனால் அவருடைய சிறிய குறிப்பேடுகள் 12 பாரிசிலேயே தங்கிவிட்டன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. 1943 ஆகஸ்ட் மாதத்தில் விமானக் குண்டுவீச்சில் அம்புறோசியானாக் கட்டிடம் பலத்த சேதமடைந்தது. கையெழுத்து நூல்களை முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றியிருந்தபடியால் அவை பிழைத்தன.

திருடன், அரசன், பிரபு, கர்தினால், சேனாதிபதி என்று இத்தனை கை மாறியும் இது பெத்ரார்க்காவின் நூல்தான் என்று ஐயமின்றிச் சொல்ல முடிவதற்குக் காரணம் அந்த முன் ஏட்டுக் குறிப்புகளே. அவருடைய எழுத்தே அதன் அடையாள அட்டை.

அப்படிப்பட்ட குறிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அவருடைய இன்னொரு நூலே சாட்சி. லாராவைப் பற்றிய 366 பாடல்களின் இறுதிப் பிரதியில் ஒரு பகுதியை ஓர் எழுத்தர் எழுத, மீதியைப் பெத்ரார்க்காவே எழுதினார். அது பதுவையில் ஒரு குடும்பத்திடம் இருந்து, 1544இல் அறிஞர் பியெத்ரோ பெம்போவின் கைக்கு வந்தது. அவருக்குப் பின் அவருடைய மகன் அதை புல்வியோ ஓர்சினி என்ற சேகரிப்பாளருக்கு விற்றார். ஓர்சினி 1600இல் இறந்தபோது தன் நூல்களை வத்திக்கானுக்கு எழுதி வைத்தார். அங்கே போனபின் அது கவிஞரின் கையெழுத்துப் பிரதி என்பதே காலப்போக்கில் மறந்து போயிற்று. 1886இல் பியேர் து நோலாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதை மீண்டும் கண்டுபிடித்தார். ஒரு நாட்டின் இலக்கியத்துக்கே தாய்நூல் போன்ற ஒன்று, நூலகத்துக்குள் பத்திரமாக இருந்துகொண்டே தொலைந்து போயிருந்தது!

எங்கள் வீட்டுக் கந்தபுராணம்

இனி என் கதைக்கு வருகிறேன்.

வலிகாமத்தில் எங்கள் வீட்டில் அப்பு வாங்கி வைத்த ஒரு கந்தபுராணம் இருந்தது. புராணப் படிப்புக்குக் கோயிலுக்கு அதைத்தான் கொண்டுபோவார். அதன் முன் பக்கங்களில் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு எல்லாம் திகதி, நட்சத்திரத்தோடு எழுதப்பட்டிருக்கும். முதலில் அப்புவின் எழுத்து, பிறகு அப்பாவின் எழுத்து. எனக்கு முன் பிறந்து நாற்பது நாளில் இறந்துபோன ஓர் அக்காவின் பெயரும் அதில் இருந்தது. அக்காவுக்குப் படம் இல்லை. நானறிந்தவரை அவள் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சான்று அந்த ஒரு வரி.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நாங்கள் வெளிக்கிட்டபோது, அரிசியும் உடுப்பும் காகிதாதிகளும் எடுத்தோம். கந்தபுராணம் அலுமாரியில் இருந்தது. "நாலு நாளில வந்திடுவம்தானே" என்று அம்மா சொன்னார். பிறகு நாங்கள் அந்த வீட்டைக் காணவில்லை. ஊருக்குத் திரும்பிய உறவினர் ஒருவர் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை என்று எழுதினார்.

யார் எடுத்தார்களோ என்று நினைக்கும்போதெல்லாம், எடுத்திருந்தால் நல்லது என்றுதான் என் மனம் சொல்லும். களவு போன நூல் எங்காவது இருக்கும், ஒருநாள் திரும்பியும் வரலாம். பெத்ரார்க்காவுக்கு வந்தது. எரிந்த நூலுக்கு அந்த வழி இல்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிலானிலிருந்து வந்த கிழமையே ஒரு தடித்த கொப்பியை வாங்கிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. நேற்றுச் சாப்பிட்டது மறந்துவிடுகிறது. ஆனால் அக்காவைப் பற்றிக் கேட்டவுடன், "ஆவணி மாசம், ரோகிணி. விடியப்புறம் நல்ல மழை" என்றார். ஆண்டைச் சொல்ல முடியவில்லை. பெரியம்மாவின் கலியாணத்துக்கு அடுத்த வருடம் என்றார். அதை வைத்துக் கணக்குப் பார்த்து ஆண்டையும் கண்டுபிடித்தோம். அக்காவின் பெயரை முதல் வரியில் எழுதினேன். அம்மா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கொப்பான்ர எழுத்து இதைவிட வடிவு" என்றார்.

நேயர்களே, இந்தப் பேச்சின் நோக்கம் இதுதான். உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த ஒரு புத்தகமாவது இருக்கும். தேவாரமோ, விவிலியமோ, குர்ஆனோ, பாடப் புத்தகமோ, எதுவாயினும் சரி. இன்றே அதன் முன் பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள். இது யாருடையது, எந்த ஊரிலிருந்து யார் கையில் எந்த ஆண்டு வந்தது, உங்களுக்குப் பின் யாரிடம் போக வேண்டும். திகதியோடு எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் அதன் கீழே இந்நாட்டு மொழியிலும் எழுதுங்கள். புத்தகம் இல்லாதவர்கள் ஒரு கொப்பியை வாங்குங்கள்.

திகதி சொல்லக்கூடிய அம்மாவோ அம்மம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமையே பக்கத்தில் போய் இருங்கள்.